ஒடென்சேயில் ஒரு மான் கறிப் பொட்டலம்

ஒடென்சேயில் இருக்கிறோம் என்று சொன்னால், ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வீட்டைப் பற்றித்தான். 1805-ல் அவர் பிறந்த ஊர் இது. மூலையில் நிற்கிற அந்த மஞ்சள் வீட்டை வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டிக் காட்டி எங்களுக்கே அலுத்துவிட்டது. அடுத்த கேள்வி ரோபோ. யூனிவர்சல் ரோபாட்ஸ் 2005-ல் இங்கேதான் ஆரம்பமானது. அதைச் சுற்றி இன்று ஏகப்பட்ட கம்பெனிகள். என்னைப்போலத் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து அப்படியே தங்கிவிட்ட பிள்ளைகளுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த இயந்திரக் கைகள்தான்.

யாரும் கேட்காத மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊரில் வேலியைத் தாண்டி மான் கறி வரும்.

ஒடென்சே இருப்பது ஃபூன் தீவில். ஊரை விட்டு இருபது நிமிஷம் காரில் போனால் கோதுமை வயல், நடுநடுவே பீச் மரக் காடு, ஏதாவது ஒரு பழைய ஜமீன் மாளிகை. இந்தக் காடுகளில் திரிவது ஃபாலோ மான். நம் புள்ளிமானுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும். கோடையில் முதுகில் புள்ளி, கிடாவுக்கு முறம்போல விரிந்த கொம்பு. பல நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாக்கள் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டது. அறுபது லட்சம் பேர் இருக்கிற இந்த நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரிடம் வேட்டை உரிமம் இருக்கிறது. எழுத்துத் தேர்வு உண்டு, சுடுகிற தேர்வு உண்டு, ரைஃபிளுக்கு அதற்கு மேல் தனித் தேர்வு. நம் ஊரில் 1972 சட்டத்தோடு வேட்டை என்ற சொல்லே குற்றமாகிவிட்டது. இங்கே அது தோட்டக்கலை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரியம். முதல் வருஷம் எனக்கு இது ஜீரணிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. லிண்டோ கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். 2006-ல் உலகத்திலேயே பெரிய கண்டெய்னர் கப்பலாக எம்மா மெர்ஸ்க் இறங்கியது அங்கிருந்துதான். 2012-ல் தளத்தை மூடினார்கள், இவர் ஓய்வுக்கு வந்தார். கப்பல் தகடுகளை ஒட்டவைக்க ரோபோ வேண்டும் என்று அந்தத் தளம் தேடியதில்தான் இந்த ஊரின் ரோபோ ஆராய்ச்சியே வேர் பிடித்தது. "உங்க ஆளுங்க எழுதின ப்ரோக்ராம்தான் என் வேலையைத் தின்னுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். டேனிஷ்காரர்களுக்கு எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு அந்த வயசுக்காரரைப் பேர் சொல்ல வாய் வராது. என் நாலு வயது மகள் அவரை 'பெஸ்டஃபார்', அதாவது தாத்தா, என்றே கூப்பிடுகிறாள். அவள் புண்ணியத்தில் நானும் தப்பித்துக்கொள்கிறேன்.

2024 நவம்பரில், நான் ஆறு மாத கர்ப்பமாக இருந்தபோது, அவர் இரண்டு பொட்டலத்தோடு வந்து நின்றார். ஒன்றில் மார்க்கர் பேனாவால் 2023 என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 2024. "புதுசை நீயும் சின்னவளும் சாப்பிடுங்க. பழசு உன் வீட்டுக்காரருக்கு மட்டும். அவருக்கும் வேண்டாம்னா திருப்பிக் குடு, நானே தின்னுடறேன். எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு, இனிமே என்ன!"

ஏன் என்று கேட்டேன். "பழசுல ஈயம் இருக்கலாம்" என்றார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னதும் ஃபோனில் ஒரு சண்டை. "ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடுத்துத்தானே உன்னை வளர்த்தேன்? இப்ப ஈயம் விஷமா?" என்றாள். இது நம் மொழி செய்கிற குழப்பம். ஈயம் என்று ஒரே வாயில் சொல்கிறோமே தவிர, அது இரண்டு உலோகம். ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். துப்பாக்கிக் குண்டு செய்வது காரீயத்தில். கும்பகோணத்துச் சொம்பு என்று சொல்லி வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து விற்கிறவர்களும் உண்டு என்பதால் அம்மாவின் சொம்பும் முழுசாகச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது கிடையாது. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். விஷம் காரீயம்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போய்ச் சேரும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

டென்மார்க் இதை இரண்டு படியாகச் செய்தது. வாத்து, முயல் சுடுகிற ஷாட்கன் ரவைகளில் காரீயத்தை 1996-லேயே முழுசாகத் தடைசெய்துவிட்டார்கள். (ரவை என்றதும் உப்புமா நினைவு வந்தால் மன்னிக்கவும். துப்பாக்கி பாஷையில் சிறு குண்டுமணிகளுக்கு அதுதான் பெயர்.) ரைஃபிள் குண்டுகளை அப்போது விட்டுவைத்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அதுவும் கிடையாது. எல்லா வேட்டைத் தோட்டாவிலும் காரீயத்தை ஒழித்த முதல் நாடு இதுதான். காரணம் மனிதர்கள் மட்டும் இல்லை. வேட்டைக்காரர் மானின் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவார். அதைத் தின்னும் வெண்வால் கழுகின் வயிற்றுக்குள் காரீயத் துணுக்குப் போகும். இந்தக் கழுகு டென்மார்க்கை விட்டே போயிருந்து 1990-களில்தான் திரும்பி வந்து கூடு கட்டியது. கலிபோர்னியாவிலும் இதே கதைதான், அங்கே காண்டார் என்ற பெருங்கழுகுக்காக 2019-லிருந்து வேட்டையில் காரீயத்துக்குத் தடை.

ஆக, தாத்தாவின் இரண்டு பொட்டலத்துக்கும் நடுவே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அவருக்குச் சட்டத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. அவருடைய துப்பாக்கி.

ஜெய்சங்கர் குதிரையில் வந்த 'கங்கா' மாதிரி கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கும், பின்னால் வந்த இரும்புக்கோட்டை முரட்டு சிங்கத்தைப் பார்த்தவர்களுக்கும் அந்தத் துப்பாக்கியைத் தெரியும். விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக் குப்பி வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். லீவர் ஆக்‌ஷன் என்பார்கள். தாத்தா வைத்திருப்பது அமெரிக்காவின் மார்லின் 1895, .45-70 தோட்டாவுக்கானது. 45 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் 45. 70 என்பது அந்தக் காலத்தில் உள்ளே போட்ட கரிமருந்தின் எடை, கிரெயினில். கிரெயின் என்பது வெள்ளைக்காரர்களின் குன்றிமணி. நம் குன்றிமணி ஒன்று அவர்களுடைய இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த தோட்டா இது. இன்றைய வேட்டைக்காரர்கள் ஆறரை மில்லிமீட்டர் குண்டை வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் அனுப்புகிறார்கள். இவருடையது பதினொன்றரை மில்லிமீட்டர், நிதானமாகப் போகும். "மத்தவங்க ஊசி போடறாங்க, நான் கதவைத் தட்டறேன்" என்பார்.

இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் இரண்டாவது ஆண்டர்சன் வந்து சேர்ந்தார். எங்களுக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அங்கே ஆண்டர்சன் என்றால் வாத்துக்குஞ்சுக் கதை எழுதியவர் ஞாபகத்துக்கு வரமாட்டார். பெங்களூரிலிருந்து காரில் வந்து ஜவளகிரி, அஞ்செட்டி, தளி என்று எங்கள் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன்தான் வருவார். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரிப் புலிக்கு ஒரு கதை உண்டு. "அவர் வெச்சிருந்ததும் லீவர் துப்பாக்கிதாம்மா. .405 வின்செஸ்டர்" என்றார் அப்பா. எங்கள் அப்பா துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஆண்டர்சன் புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் படித்தவர்.

அப்பா சொன்னது சரிதான். 1895-ல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் துப்பாக்கி அது; .405 தோட்டா 1904-ல் வந்தது. 300 கிரெயின் குண்டு, அதாவது 19 கிராமுக்கு மேல், வினாடிக்கு 670 மீட்டர் வேகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு இதே துப்பாக்கியை எடுத்துப்போய், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் இந்தத் தோட்டா இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று, மேலே செம்புச் சட்டை, நுனியில் மட்டும் காரீயம் வெளியே தெரிகிற மென்முனைக் குண்டு. உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும். இன்னொன்று முழுக்கச் சட்டை போட்ட கெட்டிக் குண்டு, விரியாமல் ஆழமாகத் துளைக்கும். தோல் தடித்த பெரிய மிருகத்துக்குக் கெட்டி, புலி சிறுத்தைக்கு மென்முனை என்பது அன்றைய பொதுவான கணக்கு. தப்பான குண்டைப் போட்டால் மிருகம் காயத்தோடு ஓடிவிடும். அப்படிக் காயம்பட்டு ஓடிய புலிகள்தானே பல நேரம் ஆட்கொல்லிகளாகத் திரும்பி வந்தன. எந்தக் குண்டு என்ற கேள்விக்கு எங்கள் ஊர்ப்பக்கம் மாடு மேய்க்கப் போனவர்கள் உயிரால் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபாலோ மான் திரும்பி வந்து யாரையும் தின்னாது. ஆனால் அது காயத்தோடு புதருக்குள் போய் இரவெல்லாம் கிடந்து சாவதை இங்கே பெரிய அவமானமாக நினைக்கிறார்கள். காயம்பட்ட விலங்கைத் தேடவென்றே பயிற்சி கொடுத்த நாய்களோடு தன்னார்வலர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வருவார்கள். எந்த மிருகத்துக்கு எவ்வளவு எடையுள்ள குண்டு, நூறு மீட்டர் தூரத்தில் அதில் எத்தனை ஜூல் சக்தி மிச்சமிருக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். தாத்தாவின் பயமும் அதுதான். நாற்பது வருஷமாக 405 கிரெயின் காரீயக் குண்டால் சுட்டு, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கைக்குப் பழகிவிட்டது. செம்பு எப்படி நடந்துகொள்ளும்? பழைய துப்பாக்கிக்கு அது ஒத்துவருமா? ஒத்துவராவிட்டால் துப்பாக்கியை விற்கவேண்டியதுதான் என்று 2024 ஜனவரியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் எனக்கு ஆர்வம் வந்தது. இது ஒரு நல்ல கணக்கு. சமையலறை மேஜையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போட்டோம்.

காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். செம்பு 8.96 தான். ஒரே எடைக்குச் செம்பு அதிக இடத்தை அடைக்கும். குழலின் விட்டம் மாறாது, அதனால் குண்டு நீளமாகும். 405 கிரெயின், அதாவது 26 கிராம் காரீயத்தை அந்த விட்டத்துக்கு ஒரு உருளையாக வார்த்தால் 22 மில்லிமீட்டர் நீளம். அதே எடைக்குச் செம்பு என்றால் 28 மில்லிமீட்டர் ஆகும். அந்தக் கூடுதல் ஆறு மில்லிமீட்டர் எங்கே போகும்? முன்னால் நீட்ட முடியாது, லீவரின் தூக்கியில் தோட்டா மாட்டிக்கொள்ளும். பின்னால் தள்ளினால் வெடிமருந்து இருக்கவேண்டிய இடத்தைக் குண்டு தின்னும், வேகம் போய்விடும்.

இன்னொன்று சுழற்சி. குழலுக்குள் திருகுபோல வரி வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் சுற்றிக்கொண்டே வெளியே வருவதால்தான் தலை சாயாமல் போகிறது, பம்பரம் மாதிரி. குண்டு நீளமாக ஆக, அதை நிமிர்த்திவைக்க இன்னும் வேகமாகச் சுற்றவேண்டும். தாத்தாவின் குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். குட்டையான காரீயக் குண்டுக்காக வெட்டிய வரி அது. நீளமான செம்பு அதில் தள்ளாடும்.

அதனால் எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் வந்தோம். 300 கிரெயின் செம்புக்குண்டு கிட்டத்தட்ட 380 கிரெயின் காரீயத்தின் நீளம்தான் வரும். நடுவில் பள்ளம் குடைந்திருந்தால் கொஞ்சம் கூடும். பழைய குண்டின் நீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. துப்பாக்கிக்கு வித்தியாசம் தெரியாது. தாத்தாவுக்கு 26 கிராமிலிருந்து 19 கிராமுக்கு இறங்குவது சம்பளத்தில் கை வைத்தமாதிரி இருந்தது. ஆனால் காரீயக் குண்டு போகிற வழியிலேயே தன் எடையை உதிர்த்துக்கொண்டு போகும், செம்பு கடைசிவரை முழுசாக நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதும் அரைமனசாக ஒத்துக்கொண்டார்.

மூக்கு விஷயமும் இருந்தது. ஆண்டர்சனின் வின்செஸ்டரில் தோட்டாக்கள் ஒரு பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். மார்லினில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதில் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பின்புறத்தின் நடுவில்தான் அடித்தால் தீப்பற்றும் பிரைமர் இருக்கிறது. கூர்மூக்குக் குண்டைப் போட்டு, சுடும்போது துப்பாக்கி உதறினால், கூர்நுனி பிரைமரைக் குத்தி, கைக்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் இந்த ரகத்துக்குத் தட்டை மூக்குதான். சமீப காலத்தில் ஹார்னடி கம்பெனி ரப்பர்போல மெத்தென்ற நுனி வைத்துக் கூர்க்குண்டும் விற்கிறது. தாத்தாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. தட்டை மூக்கு மோதுகிற இடத்தில் அகலமான காயம் செய்யும் என்பதும் அவருக்கு ஒரு சௌகரியம். கடைசியில் பார்ன்ஸ் கம்பெனியின் 300 கிரெயின் தட்டைமூக்குச் செம்புக்குண்டு. நடுவில் பள்ளம், பட்டதும் நாலு இதழாக விரியும். செம்பு காரீயத்தைவிட விறைப்பு, மெதுவாகப் போனால் விரிய மறுக்கும். .45-70 மாதிரி நிதானமான தோட்டாவுக்கு, குறைந்த வேகத்திலும் விரியும்படி பள்ளத்தை அகலமாகக் குடைந்திருப்பதாகப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். குழலிலிருந்து கிளம்பும்போது வினாடிக்கு சுமார் 580 மீட்டர், மூவாயிரத்துச் சொச்சம் ஜூல். தூரம் போகப்போக இந்தத் தட்டைமூக்கு காற்றோடு மல்லுக்கட்டியே வேகத்தை இழந்துவிடும்.

விலை பழையதைவிடக் கூடுதல் என்று புலம்பிக்கொண்டே மூன்று டப்பா வாங்கினார். அதில் இரண்டு டப்பா சுடுகளத்திலேயே காலி. புது எடை, புது வேகம் என்றால் குண்டு விழுகிற இடமும் மாறும். என் கணவர் கூடப் போனார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நான் போவதாக இல்லை. வீடியோ மட்டும் பார்த்தேன். ஐம்பது மீட்டரில் உள்ளங்கைக்குள் மூன்று ஓட்டை. எழுபது மீட்டரைத் தாண்டிச் சுடமாட்டேன் என்று தாத்தா தனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டார். சட்டம் கேட்பதைவிட அது கடுமையானது.

அவர் சுடுகிற காட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தோம். துப்பாக்கி கிடையாது, ஃபிளாஸ்கில் காபியும் நான் செய்த முறுக்கும். ஒடென்சேயிலிருந்து தென்மேற்கே அசென்ஸ் சாலை. நவம்பரில் ஃபூன் என்பது இரண்டே நிறம், உழுத மண்ணின் கறுப்பும் பீச் இலையின் செம்பும். மகள் இலைக்குவியலை உதைத்துக்கொண்டே வந்தாள். காட்டின் ஓரத்தில் மரத்தோடு சாய்த்த ஒரு ஏணி, மேலே ஒரு பலகை. எங்கள் ஊரில் சோளக்கொல்லைக் காவலுக்குக் கட்டுகிற பரணேதான். "இங்கே உட்கார்ந்து சுட்டா குண்டு கீழ்நோக்கிப் போகும், தவறினாலும் மண்ணுலதான் புதையும்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அந்த ஏணியின் அவசியம் எனக்குப் புரிந்தது. இந்தக் குட்டி நாட்டில் எந்தக் காட்டுக்குப் பின்னாலும் ஒரு பண்ணை வீடு உண்டு, சைக்கிளில் போகிற பிள்ளைகள் உண்டு. நாலேகால் மணிக்கு இருட்டிவிட்டது. வயலில் ஏழெட்டு மான் வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. "பெஸ்டஃபார் இதையா சுடுவார்?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள், பிறகு முறுக்கு கேட்டாள்.

அடுத்த வாரம் அதே ஏணியிலிருந்து ஒரு பெண் மானை ஐம்பத்தைந்து மீட்டரில் சுட்டார். தோள் எலும்பில் பட்டு, முப்பது மீட்டர் ஓடி விழுந்தது. காரீயத்தில் என்றால் பத்து மீட்டரிலேயே விழுந்திருக்கும் என்று இன்றும் சாதிக்கிறார். நாய்க்காரரைக் கூப்பிடவேண்டியிருக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறார். தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் குண்டு கிடைத்தது. நாலு இதழும் விரிந்து, செம்பருத்தி மொட்டு பாதி திறந்த மாதிரி. பேக்கிங்குக்காக நான் வாங்கிவைத்திருந்த, பத்தில் ஒரு கிராம் காட்டுகிற தராசில் அதை நிறுத்தோம். 19.2 கிராம். கிளம்பும்போது 19.4.

பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய சிகரெட் டப்பா ஒன்றை எடுத்துவந்தார். முன்பு மான்களிலிருந்து எடுத்துவைத்த காரீயக் குண்டுகள். காளானாக விரிந்து, ஓரம் பிய்ந்து கிடந்தன. ஒன்றை நிறுத்தால் 21.3 கிராம். கிளம்பும்போது 26.2. இருவரும் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்சம் ஐந்து கிராம் எங்கே?

கொஞ்சம் நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த ஐந்து கிராமில் பெரும்பங்கு குண்டு போன பாதையிலும் குடலிலும் போயிருக்கும், அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். மெதுவான பெரிய குண்டு, வேகமான சின்ன குண்டைப்போலத் தூளாகச் சிதறுவதும் இல்லை. ஆனால் சுட்ட விலங்குகளை எக்ஸ்ரே எடுத்த ஆய்வுகளில் காயத்திலிருந்து ஒரு சாண், அதற்கும் மேல் தள்ளியெல்லாம் துணுக்குகள் தெரிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, பல்லில் கடிபடாது. குழந்தையின் ரத்தத்தில் காரீயத்தை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்றுதான் அளக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கவேண்டிய அளவாக 2021-ல் வைத்தது 3.5. ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். ஐந்து கிராமில் எவ்வளவு சின்னத் துணுக்கு போதும் என்று கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. காரீயத்தால் சுட்ட காட்டுக் கறியைக் கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிற பெண்களும், ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளும் தவிர்க்கவேண்டும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பல வருஷமாகச் சொல்லிவருகிறது.

நம் சமையலுக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம் இருக்கிறது. காரீய ரவை உள்ளே பதிந்த காடைக் கறியை ஸ்பெயினில் வினிகர் சேர்த்துச் சமைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புளிப்பு சேரும்போது காரீயம் கரைந்து கறிக்குள் அதிகமாக இறங்குகிறது. டேனிஷ்காரர் மான் கறியை வெண்ணெயில் வாட்டி கிரீம் ஊற்றிச் சாப்பிடுகிறார். நாம்? தயிரில் ஊறவைக்கிறோம், தக்காளி போடுகிறோம், புளி கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறோம்.

2023 பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை, தானும் சாப்பிடவில்லை. ஃப்ரீசரில் அந்த வருஷத்துப் பொட்டலங்கள் இன்னும் ஆறு இருந்ததாம், எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். குழிமுயலைக்கூட வீணாக்காத தலைமுறை அது. பாட்டியம்மா சொல்லித்தான் தெரியும்.

டென்மார்க்கில் இருக்கும் உங்களில் யாருக்காவது இப்படி வேலி தாண்டிக் கறி வந்தால், எப்போது சுட்டது என்று கேளுங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிந்தையது என்றால் சட்டப்படி காரீயம் இருக்கக்கூடாது. முந்தையது என்றால் எந்தக் குண்டு என்று கேளுங்கள், அப்போதே செம்புக்கு மாறியிருந்தவர்களும் உண்டு. இந்தச் சட்டம் டென்மார்க் காட்டுக்குத்தான். ஸ்வீடனுக்குப் போய் எல்க் சுட்டுக்கொண்டு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர், அதைத் தனியாகக் கேட்கவேண்டும். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இந்த ஊரில் வேட்டைக்காரரிடம் குண்டைப் பற்றிக் கேட்டால் விடியவிடியப் பேசுவார்.

2024 பொட்டலம் முன்தொடை. ஃபாலோ மானில் கொழுப்பே கிடையாது, ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் நாலு விசில் விட்டால் நார்நாராகிவிடும். சின்ன வெங்காயம் இங்கே கிடைக்காது, ஷாலட் போட்டேன். மிளகு தூக்கலாக, நல்லெண்ணெயில் வதக்கி, சிறுதீயில் ஒன்றே முக்கால் மணி நேரம். புளியைத் தாராளமாகவே ஊற்றினேன். ஒரு கிண்ணம் வேலிக்கு அந்தப்பக்கம் போயிற்று. கிண்ணம் கழுவித் திரும்பி வந்தபோது உள்ளே அந்த நாலு இதழ்க் குண்டு இருந்தது, பிறக்கப்போகிற பிள்ளைக்காம். ஜனவரி 31-ஆம் தேதி சீசன் முடிவதற்குள் இன்னொன்று கிடைத்தால் பின்தொடை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.